ஊரில் இருக்கும் பெற்றோருக்காக அமெரிக்க வேலையில் விடுப்பு எடுக்கும் முறை

மதுரையில் இருக்கும் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று நள்ளிரவில் அழைப்பு வந்தால், டல்லாஸிலோ எடிசனிலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ முதலில் தேடுவது விமானச் சீட்டை; அடுத்து, கையிருப்பில் எத்தனை நாள் விடுப்பு இருக்கிறது என்று எண்ணி, பத்து நாளுக்குள் திரும்பிவிடுவதாகத் தமக்குத் தாமே கெடு வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கெடு பெரும்பாலும் தேவையில்லாதது. 1993 பிப்ரவரி 5 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் (பேச்சு வழக்கில் எஃப்.எம்.எல்.ஏ.), 12 மாத காலத்தில் 12 வாரம் வரை வேலையை இழக்காமல் விடுப்பு எடுக்க உரிமை தருகிறது, நோயாளி இந்தியாவில் இருந்தாலும் அது பொருந்தும். நீங்கள் குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா, எச்-1பி விசாவில் இருப்பவரா என்ற வேறுபாட்டையும் இந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

முதலில் தகுதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தில் மொத்தம் 12 மாதங்கள் வேலை செய்திருக்க வேண்டும். விடுப்புக்கு முந்தைய 12 மாதங்களில் உண்மையாக வேலை பார்த்த நேரம் மட்டும் 1,250 மணி நேரம் வர வேண்டும். உங்கள் பணியிடத்திலிருந்து 75 மைல் சுற்றளவுக்குள் அந்நிறுவனத்துக்கு 50 ஊழியர்களாவது இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்குப் பணியிடம் என்பது அவருடைய வீடு அல்ல, அவருக்கு வேலை ஒதுக்கும் அலுவலகம்தான். கன்சல்டன்சி வழியாக வேறொரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள், தங்களை வேலைக்கு அமர்த்தி அனுப்பிய கன்சல்டன்சியிடம்தான் விடுப்புக் கேட்க வேண்டும்; வேலை நடக்கும் இடத்து மேலாளர் தலையசைத்துவிட்டார் என்பது மட்டும் போதாது.

யாருக்காக எடுக்கலாம் என்பதில்தான் நம் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரோடு சட்டம் நின்றுவிடுகிறது. மாமனார், மாமியார் அதில் இல்லை. ஆகவே மாமியாரின் அறுவைச் சிகிச்சைக்கு மருமகள் இந்தச் சட்டத்தின் கீழ் விடுப்புக் கேட்க முடியாது, மகன்தான் கேட்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்தால், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள இருவருக்கும் சேர்த்தே 12 வாரம் என்று நிறுவனம் வரையறுக்கலாம். ஆனால் சிறு வயதில் உங்களைப் பெற்றோர் இடத்தில் இருந்து வளர்த்தவர் பாட்டியாகவோ பெரியம்மாவாகவோ இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவரும் பெற்றோரே. அதற்கு ஆதாரமாக, அவர் உங்களை வளர்த்த விவரத்தை நீங்களே எழுதித் தரும் எளிய கடிதம் போதும். பலர் இதை அறியாமலே வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள்.

முன்கூட்டியே தெரிந்த சிகிச்சை என்றால் 30 நாள் முன்பாக அறிவிக்க வேண்டும். திடீரென்று நேர்ந்தால், இயன்ற அளவு விரைவில் அறிவிக்க வேண்டும். சட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் “அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன்” என்ற ஒற்றை வரி போதாது. “என் தந்தை பக்கவாதத்தால் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார், அவரை உடனிருந்து கவனிக்க எனக்கு இன்ன தேதியிலிருந்து ஏறத்தாழ ஆறு வார விடுப்பு வேண்டும்” என்று மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைச் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் தொலைபேசியில் “பார்த்துக்கலாம், போயிட்டு வாங்க” என்று சொல்வது அன்பான வார்த்தை, ஆனால் ஆவணம் ஆகாது. நீங்கள் கேட்டபின் ஐந்து வேலை நாட்களுக்குள் உங்களுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று நிறுவனம் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது மருத்துவச் சான்று. விடுப்பு நிலைப்பதும் நழுவுவதும் இங்கேதான். குடும்பத்தாரின் நோய்க்குத் தொழிலாளர் துறை வெளியிட்டுள்ள படிவத்தின் எண் டபிள்யூ.எச்.-380-எஃப். நோயாளி வேறு நாட்டில் வசித்தால், அந்நாட்டில் மருத்துவம் பார்க்க உரிமை பெற்ற மருத்துவர் தரும் சான்றை நிறுவனம் ஏற்றாக வேண்டும். சான்று தமிழில் இருந்து, நிறுவனம் கேட்டால், ஆங்கில மொழிபெயர்ப்பை நீங்கள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதில் ரத்த அழுத்தமும் மருந்துப் பட்டியலும் இருக்கும். நோயாளிக்கு எவ்வளவு காலம் பிறர் துணை வேண்டும் என்பது இருக்காது. புறநோயாளிகள் வரிசை நீண்டிருக்கும் வேளையில் மருத்துவர் படிவத்தில் அதற்குரிய இடத்தில் “தேவைப்படும் வரை” என்று எழுதிவிட்டால், தெளிவில்லை என்று படிவம் திரும்பி வரலாம். “எட்டு வாரம், நாள்தோறும், எழுந்து நடக்கவும் பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்லவும் துணை தேவை” என்பது போலக் குறிப்பாக எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். படிவத்தைத் திருப்பித் தர 15 நாள் அவகாசம் உண்டு. குறை இருந்தால் அது என்ன என்று நிறுவனம் எழுத்தில் சொல்லி, திருத்த மேலும் ஏழு நாள் தர வேண்டும். விளக்கம் கேட்டு மருத்துவரைத் தொடர்புகொள்ள மனிதவளத் துறைக்கு வழியுண்டு, உங்கள் நேரடி மேலாளருக்கு அறவே கிடையாது.

12 வாரத்தையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை. மருத்துவத் தேவை இருந்தால் இப்போது நான்கு வாரம், இரண்டாவது சிகிச்சையின்போது மூன்று வாரம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இந்த விடுப்புக்குச் சம்பளம் இல்லை. சேர்த்து வைத்த ஊதிய விடுப்பை இதே காலத்தில் கழித்துக்கொள்ளும்படி நிறுவனம் சொல்லலாம். மருத்துவக் காப்பீடு தொடரும், ஆனால் பிரீமியத்தில் உங்கள் பங்கை நீங்கள் கட்டிவர வேண்டும். 30 நாளுக்கு மேல் தவறினால், எழுத்தில் எச்சரித்துவிட்டுக் காப்பீட்டை நிறுத்த நிறுவனத்துக்கு இடமுண்டு. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், வாஷிங்டன் மாநிலங்களில் வேலை பார்ப்பவர்கள் மாநிலத்தின் ஊதியத்துடன் கூடிய குடும்ப விடுப்புத் திட்டத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே மாமனார், மாமியாரும் குடும்பத்தில் சேர்த்தி. டெக்சாஸில் அப்படி ஒரு மாநிலத் திட்டம் இல்லை.

சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் அவரைக் கவனிப்பதற்கான இந்த விடுப்பு அத்துடன் முடிந்துவிடுகிறது. பதினாறாம் நாள் காரியம் வரை ஊரில் தங்க, நிறுவனம் தரும் துக்க விடுப்பையோ சொந்த விடுப்பையோ தனியாகக் கேட்க வேண்டும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் புறப்படும் முன் கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரையின் காலாவதித் தேதியைப் பாருங்கள். அதைப் புதுப்பிக்கத் தூதரகத்தில் நேர்காணல் தேதி தாமதமாகி 12 வாரம் கடந்துவிட்டால், அதற்கு மேற்பட்ட நாட்களுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை.

திரும்பியதும் அதே வேலையையோ, சம்பளத்திலும் சலுகையிலும் பொறுப்பிலும் அதற்கு நிகரான வேலையையோ தர வேண்டும். தராவிட்டால், அல்லது விடுப்பு எடுத்ததையே காரணமாக்கி மதிப்பீட்டில் குறைத்தால், தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வழக்குத் தொடுப்பதானால் மீறல் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், வேண்டுமென்றே செய்த மீறலானால் மூன்று ஆண்டுகள் என்று காலவரம்பு உண்டு. அந்த மின்னஞ்சல் நகல் அப்போதுதான் கைகொடுக்கும்.