சாந்தீன் ஆக்சிடேஸ் ஆய்வு: யூரிக் அமிலத்தையும் சூப்பர் ஆக்சைடையும் சேர்த்து அளப்பது எப்படி

சாந்தீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஹைப்போசாந்தீனைச் சாந்தீனாகவும், சாந்தீனை யூரிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வாறு மாற்றும்போது பெறும் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் சேர்ப்பதால் சூப்பர் ஆக்சைடும் (ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற ஆக்சிஜன்) ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து வலி தரும் கவுட் நோயில் மட்டுமன்றி, இதய, சிறுநீரக நோய்களின் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (இத்தகைய ஆக்சிஜன் பொருள்கள் மிகுந்து செல்களைத் தாக்கும் நிலை) பற்றிய ஆய்வுகளிலும் இந்நொதி இடம்பெறுவதற்கு இதுவே காரணம். மூலிகைச் சாறுகளை ஆராயும் மாணவர்கள் பலர் யூரிக் அமிலத்தை மட்டும் அளந்துவிட்டு, ஆக்சிஜனேற்ற அழுத்தமே குறைந்ததாக எழுதிவிடுகிறார்கள். அவை இரண்டும் தனித்தனியே அளக்கப்பட வேண்டியவை.

முதலில் யூரிக் அமிலத்தை அளக்கலாம். பி.எச். 7.5 உள்ள 50 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் உலோக அயனிகளைப் பிணைக்கும் இ.டி.டி.ஏ.வை 0.1 மில்லிமோலார் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாந்தீன் நீரில் எளிதில் கரையாது. ஆகவே அதைச் சிறிதளவு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, பிறகு பஃபரில் சேர்த்து, குவெட்டில் (ஒளி உறிஞ்சளவை அளக்கும் சிறு கலம்) 100 மைக்ரோமோலார் அளவுக்குக் கொண்டுவந்து, பி.எச். மாறவில்லை என்பதைச் சரிபார்க்க வேண்டும். சாந்தீனின் செறிவை மிகவும் கூட்டினால் அதுவே நொதியைத் தடுக்கத் தொடங்கும். குவார்ட்ஸ் குவெட்டை 25 டிகிரி செல்சியஸில் வைத்து, யூரிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் 295 நானோமீட்டரில் ஒரு நிமிடம் அடிக்கோட்டைப் பதிவு செய்த பிறகு, கடைசியாக நொதியைச் சேர்க்கவும். கோடு நேராக ஏறும் தொடக்கப் பகுதியை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உறிஞ்சளவு நிமிடத்திற்கு 0.048 கூடுகிறது என்று கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் ஒரு மில்லிமோலார் சாந்தீன் யூரிக் அமிலமாக மாறும்போது உறிஞ்சளவு ஏறத்தாழ 9.6 கூடும் என்பதால், 0.048-ஐ 9.6-ஆல் வகுத்தால் நிமிடத்திற்கு 5 மைக்ரோமோலார் யூரிக் அமிலம் என்ற விடை கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டர் கலவையில் இது 5 மில்லி யூனிட் நொதிச் செயல்பாடு (ஒரு யூனிட் என்பது நிமிடத்திற்கு ஒரு மைக்ரோமோல்).

அடுத்தது சூப்பர் ஆக்சைடு. அது சைட்டோகுரோம் சி என்னும் புரதத்தை ஒடுக்கும்போது (எலக்ட்ரான் தரும்போது) 550 நானோமீட்டரில் உறிஞ்சளவு கூடும். அதே கலவையில் 20 மைக்ரோமோலார் ஆக்சிஜனேற்ற நிலைச் சைட்டோகுரோம் சி சேர்த்து 550 நானோமீட்டரில் அளக்கவும். இதே அளவீட்டை, சூப்பர் ஆக்சைடை அழிக்கும் நொதியான சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் சேர்த்த மற்றொரு குவெட்டிலும் செய்ய வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே சூப்பர் ஆக்சைடுக்கு உரியது. 1969-இல் உயிர்வேதியியலாளர்கள் மக்கார்டும் ஃபிரிடோவிச்சும் டிஸ்மியூட்டேஸின் செயலை இனங்கண்டதும் இதே வினையின் வழியாகத்தான். வேறுபாடு நிமிடத்திற்கு 0.042 எனில், ஒரு மில்லிமோலார் சைட்டோகுரோம் சி ஒடுங்கும்போது கூடும் உறிஞ்சளவான 21-ஆல் வகுத்து, நிமிடத்திற்கு 2 மைக்ரோமோலார் சூப்பர் ஆக்சைடு என அறியலாம். 5 மைக்ரோமோலார் யூரிக் அமிலம் உண்டாகும்போது 10 மைக்ரோமோலார் எலக்ட்ரான்கள் வெளியாகின்றன. அவற்றில் 2 மட்டுமே, அதாவது 20 விழுக்காடே, சூப்பர் ஆக்சைடு வழியாகச் சென்றுள்ளன. எஞ்சியவை நேரடியாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கியவை. பி.எச்., ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இந்தப் பங்கு மாறும் என்பதால், அவற்றைக் குறிப்பிடாமல் விழுக்காட்டை மட்டும் எழுதுவதில் பயனில்லை.

மூலிகைச் சாற்றைச் சோதிக்கும்போது இரு அளவீடுகளும் கட்டாயம் தேவை. யூரிக் அமிலம், சூப்பர் ஆக்சைடு இரண்டும் குறைந்தால் சாறு நொதியைத் தடுக்கிறது எனலாம். யூரிக் அமிலம் குறையாமல் சைட்டோகுரோம் அளவீடு மட்டும் குறைந்தால், அது நொதியைத் தொடாமல், உண்டான சூப்பர் ஆக்சைடை அழிக்கிறது. மூலிகைச் சாறுகளில் உள்ள பாலிஃபீனால்கள் 295 நானோமீட்டரில் தாமே ஒளியை உறிஞ்சக்கூடும். சைட்டோகுரோம் சியை நொதியின் துணையின்றியே ஒடுக்கவும் கூடும். ஆகவே நொதி இல்லாத குவெட் ஒன்றை ஒவ்வொரு செறிவுக்கும் வைக்க வேண்டும். சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய கரைப்பானுக்கும் தனிக் குவெட் வேண்டும். ஒப்பீட்டுக்கு, இந்நொதியைத் தடுக்கும் மருந்தான அலோபியூரினால் வைப்பது வழக்கம். ஆனால் நொதி அதை ஆக்சிபியூரினாலாக மாற்றி, அதனாலேயே இறுகக் கட்டப்படுவதால், எவ்வளவு நேரம் முன்கூட்டிக் கலந்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து தடுப்பு அளவு மாறும். அந்த நேரத்தைக் குறிப்பிடாத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

திசுக்களில் அளப்பது இன்னும் சிக்கலானது. உயிருள்ள செல்லில் இந்நொதி பெரும்பாலும் என்.ஏ.டி. என்னும் துணைநொதிக்கு எலக்ட்ரான் தரும் டிஹைட்ரோஜினேஸ் வடிவில் இருக்கிறது. அதன் சிஸ்டீன் அமினோ அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்தாலோ புரதச் சிதைப்பு நிகழ்ந்தாலோ ஆக்சிடேஸ் வடிவம் மிகுகிறது. அரைக்கும்போதே இது நிகழலாம். ஆகவே திசுவைக் குளிர்நிலையில், சிஸ்டீன்களைக் காக்கும் டைத்தியோத்ரைட்டாலும் புரதச் சிதைப்பு தடுப்பானும் கலந்த பஃபரில் அரைத்து, என்.ஏ.டி. இல்லாமலும் சேர்த்தும் அளக்க வேண்டும். முன்னது ஆக்சிடேஸ், பின்னது இரு வடிவங்களின் மொத்தம். எலியின் கல்லீரலில் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரிக்கேஸ் நொதி உண்டு. மனிதரிடம் அது செயல்படுவதில்லை. அதைப் பொட்டாசியம் ஆக்சோனேட்டால் தடுக்காவிட்டால், உண்டான யூரிக் அமிலம் கண்ணெதிரே காணாமற்போகும்.

முடிவுகளை நோயோடு இணைக்கும்போது அளவறிந்து எழுதுங்கள். குருதியோட்டம் தடைப்பட்ட திசுவில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. சிதைந்து ஹைப்போசாந்தீன் சேர்கிறது. ஓட்டம் மீளும்போது ஆக்சிஜன் வர, சூப்பர் ஆக்சைடு பெருகுகிறது என்ற கருதுகோள் 1980-களில் விலங்குச் சோதனைகளால் வலுப்பெற்றது. எனினும் 5,700-க்கும் மேற்பட்ட இதயத் தமனி நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆல்-ஹார்ட் ஆய்வில், அலோபியூரினால் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றைக் குறைக்கவில்லை. சிறுநீரகச் செயலிழப்பின் வேகம் அம்மருந்தால் குறையவில்லை என்று 2020-இல் வெளியான இரண்டு ஆய்வுகளும் காட்டின. கவுட் நோயில் யூரிக் அமிலத்தைக் குறைக்க அது இன்றும் முதன்மையான மருந்து. ஆகவே குவெட்டில் கிடைத்த தடுப்பைக் கொண்டு, உங்கள் சாறு இதயத்தைக் காக்கும் என்று எழுதாமல், எந்தச் செறிவில், எந்தப் பி.எச்.-இல், எவ்வளவு யூரிக் அமிலமும் எவ்வளவு சூப்பர் ஆக்சைடும் குறைந்தன என்பதை மட்டும் பதிவு செய்யுங்கள்.