மாமர நிழலில் வெள்ளை இலைக் கலேடியம்

இலையோரத்தில் வெண்கரை கட்டிய ஹோஸ்டாவைப் படத்தில் கண்டு ஆசைப்படுவோர் கிருஷ்ணகிரியில் பலர் உண்டு. சீனம், கொரியா, ஜப்பான் நாடுகளைச் சேர்ந்த அச்செடி, குளிர்காலத்தில் சில வாரங்களாவது 5 டிகிரிக்கும் குறைந்த குளிரில் உறங்கி எழுந்தால்தான் வலுவாகத் துளிர்க்கும். அத்தகைய நீண்ட குளிர் நம் பக்கம் கிடையாது. ஆகவே, வெள்ளை இலையில் பச்சை நரம்போடும் 'கேண்டிடம்' என்னும் கலேடிய வகையையே நான் பரிந்துரைப்பேன். இது சேப்பங்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது.

மே மாதக் கோடை மழை பெய்து மண் வெதுவெதுப்பாக இருக்கும்போது, அழுத்தினால் அமுங்காத கிழங்குகளாகத் தேர்ந்து, முளைக்கண் மேல்நோக்கும்படி 5 செ.மீ. ஆழத்தில் நட வேண்டும். மாமரத்தின் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே பரவி ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், தரையில் நடுவதைவிட, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் சமமாகக் கலந்து நிரப்பிய தொட்டியில் நட்டு நிழலில் வைப்பதே நல்லது. காலை வெயில் சிறிது படலாம். உச்சி வெயில் கூடாது. இலையின் வெண்பகுதியில் பச்சையம் மிகக் குறைவு என்பதால், அது எளிதில் வெந்து, தீயில் காட்டிய காகிதம்போல் ஓரம் பழுப்பேறும். நிழல் மிகுந்தாலோ காம்பு நீண்டு செடி சாய்ந்துவிடும்.

வளரும் காலத்தில் மேல்மண் காய்ந்ததும் நீர் விட்டால் போதும். டிசம்பரில் இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்குவதைக் கண்டு, முதல் ஆண்டில் நான் தாகம் என்று எண்ணி இருவேளையும் நீர் ஊற்றினேன். தோண்டியபோது கிழங்கு குழைய வெந்த சேப்பங்கிழங்காக விரலில் ஒட்டியது. அது வாட்டமன்று, உறக்கம். பூவெடுப்பதற்காக மாந்தோப்புக்கு நீர் நிறுத்தும் வழக்கம் நம் விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். அந்தக் கணக்கையே தொட்டிக்கும் வைத்துக்கொண்டால் பிழை நேராது.

இலை முழுவதும் காய்ந்தபின் கிழங்கை எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காய்ந்த தேங்காய் நார்த்தூளில் புதைத்துத் துணிப்பையில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும். கையுறை அணிவது நலம், ஏனெனில் இதன் சாற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அரிப்பைத் தரும். ஆடுகளும் குழந்தைகளும் இலையை வாயில் வைக்காதபடி தொட்டியைச் சற்று உயரத்தில் வைக்க வேண்டும்.