இங்கிலாந்தின் பாத் நகரில் பழைய வீடு வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது ஜன்னல்

நம் ஊரில் பழைய வீட்டை வாங்கினால், பத்திரம் பதிவான மறுவாரமே கொத்தனாரை வரவழைத்து, வேண்டாத சுவரை இடித்து, ஜன்னலையும் மாற்றிவிடுவோம்; வாங்கியவர் வைத்ததுதான் சட்டம். இங்கிலாந்தில், பழமைக்காகச் சட்டம் பாதுகாக்கும் கட்டடங்களின் மரபுப் பட்டியலில் உள்ள வீட்டில் அது செல்லாது. வங்கிக் கடன், வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் சொலிசிட்டர் என்ற வழக்கறிஞர், பதிவு ஆகியவற்றை அலுவலக நண்பர்களே சொல்லித் தருவார்கள் என்பதால், நான் ஏமாந்த இடத்தை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட, அந்தப் பட்டியலின் இரண்டாம் தரத்தில் உள்ள வரிசை வீடு. கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் 1767 முதல் 1775 வரை கட்டிய, பாத்தின் புகழ்பெற்ற பிறைவடிவ வீட்டு வரிசையான ராயல் கிரசென்ட்டுக்கு ஏழை உறவு என்று சொல்லலாம். தேன் நிறப் பாத் கல், தரைக்குக் கீழே சமையலறை, விருந்தினரை வரவேற்கும் முதல் மாடியில் உயர்ந்த ஜன்னல்கள், மேலே போகப் போக உயரம் குறைந்து, கூரையடியில் வேலைக்காரர்களுக்குக் குட்டி ஜன்னல்கள். அந்த வீட்டில் யார் எங்கே இருந்தார்கள் என்பதைத் தெருவில் நின்றே படித்துவிடலாம். மேலும் கீழும் நகரும் அந்த ஜன்னல்களின் பாரத்தை, பக்கத்துப் பெட்டிக்குள் கயிற்றில் தொங்கும் எடைக்கட்டிகள் தாங்குகின்றன. ஊதிச் சுழற்றித் தட்டாக்கிய அக்காலக் கண்ணாடியில் பெரிய துண்டு வெட்ட இயலாததால், மேலே ஆறும் கீழே ஆறுமாகச் சிறு சில்லுகளை மெல்லிய மரச் சட்டங்களில் பொருத்தினார்கள்.

எங்கள் வீட்டின் பின்புறத்தில் மட்டும் நான்கு ஜன்னல்கள் பிளாஸ்டிக். குளிர் வராது என்று நானும் மனைவியும் மகிழ்ந்தோம். எட்டு மாதம் கழித்து, உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிலிருந்து அமலாக்க அறிவிப்பு வந்தது: முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி மாற்றியிருக்கிறார். பட்டியல் கட்டடங்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். வழக்கு மாற்றியவர்மேல்தான் என்றாலும், பழையபடி ஆக்கும் பொறுப்பு வீட்டோடு சேர்ந்து இன்றைய உரிமையாளரின் தலையில் விழுகிறது. அமலாக்கத்துக்குக் காலவரம்பும் கிடையாது. எங்கள் சொலிசிட்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கட்டணத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஜன்னலையும், அடைத்த கணப்பையும், இடித்த சுவரையும் காட்டி, அனுமதிக் கடிதம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். மரபுக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் முகப்பு மட்டுமே வர்ணிக்கப்பட்டிருந்தாலும், பாதுகாப்பு வீட்டின் உட்புறத்துக்கும் உண்டு. அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, முடிவுக்கு எட்டு வாரம் என்பது கணக்கு. அனுமதி பெற்ற மாற்றப் பணிகளுக்கு இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை 2012 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள் என்பதால், தச்சர் சொல்லும் தொகையோடு 20 விழுக்காட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கல் சுவரின் விரிசலைச் சிமெண்டால் பூசி நான் இன்னொரு வம்பை விலைக்கு வாங்க இருந்தேன். ஜன்னல் வேலைக்கு வந்த தச்சர்தான் தடுத்து, ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் உதிரும், சுண்ணாம்புக் காரைதான் வேண்டும் என்றார். காரைக்குடியில் வளர்ந்தவனுக்கு இதை ஓர் ஆங்கிலேயர் சொல்ல வேண்டியிருந்தது. குளிருக்கு வழியும் அவரே காட்டினார்: முன்னறை ஜன்னலின் இரு பக்கச் சுவரிலும் பலகை என்று நாங்கள் நினைத்திருந்தவை, பல அடுக்கு வண்ணப்பூச்சில் ஒட்டிப்போன மடக்குக் கதவுகள். பூச்சைச் சுரண்டித் திறந்து, இருட்டியதும் சாத்தி வைக்கிறோம்.