செய்தியாளர் புத்தகம் எழுத: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

வெளிவந்த செய்திகளை அப்படியே அடுக்கினால் புத்தகம் ஆகாது. ஒரே பின்னணி திரும்பத் திரும்ப வரும். முதலில் காலவரிசை போடுங்கள். எடுத்துக்காட்டாக, தருமபுரி மாவட்டப் பழங்குடி கிராமமான வாச்சாத்தி என்றால், ஊர்மக்கள்மீது வனத்துறையினரும் காவலர்களும் வன்முறை நடத்திய சம்பவம் 1992 ஜூன், தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011, உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊர் எப்படி வாழ்ந்தது என்பதுதான் புத்தகம். அதை ஊரில் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.

ஆவணம் தேடும்போது பலரும் தடுமாறுவது மாவட்டப் பெயரில். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தைய கோப்புகளைத் தருமபுரி பெயரில் தேடுங்கள். 1965 அக்டோபருக்கும் முந்தையது என்றால் சேலம். தகவல் உரிமை மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஆண்டு, வட்டம், துறை மூன்றையும் எழுதுங்கள். "எல்லா விவரமும் தருக" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்துவிடுங்கள்.