விழும் 12 நட்டை ஒற்றை நட்டு பிடித்து நிறுத்தும் வித்தை

பென்சில் மேல் ஒரு நூல். ஒரு நுனியில் 12 நட்டு, மறு நுனியில் ஒன்றே ஒன்று. கையை விட்டால் அந்த 12-ம் தரையில் விழும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஆனால் பாதி வழியில் நின்றுவிடும். என் மகளுக்குச் செய்து காட்டப் போய் ஒரு சாயங்காலம் முழுக்கத் திணறியதால், எங்கே தவறும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஹார்டுவேர் கடையில் ஒரே அளவு நட்டு 13 வாங்குங்கள். பூட்டும் மோதிரமும் வைத்தும் செய்யலாம், எனக்கு நட்டுதான் பிடிக்கும், ஏனென்றால் தராசே வேண்டாம், எடை 12-க்கு 1 என்று எண்ணியே தெரிந்துகொள்ளலாம். நூல் 1 மீட்டர், பூக்கட்டும் நூலை இரட்டையாக முறுக்கினால் தாங்கும். தூண்டில் நரம்பு வேண்டவே வேண்டாம், வழுக்கும். கீழே ஒரு தலையணை.

1. 12 நட்டையும் கோத்து ஒரு நுனியில் கட்டுங்கள், மறு நுனியில் மீதி ஒன்றை.

2. பென்சிலைப் படுக்கைவாட்டில் பிடித்து நூலை அதன் மேல் போடுங்கள். கொத்து பென்சிலுக்கு 15 செ.மீ. கீழே தொங்கட்டும், மீதி நூல் எல்லாம் ஒற்றை நட்டின் பக்கம்.

3. ஒற்றை நட்டைப் பென்சில் உயரத்துக்குத் தூக்கி, நூல் விறைப்பாக இருக்கும்படி பக்கவாட்டில் இழுத்துப் பிடியுங்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நட்டைத் தாழ்வாகப் பிடித்திருந்தேன், அப்படிப் பிடித்தால் அது ஊசலாடி வேகம் எடுக்க இடமே இல்லை, கொத்து அதை நேராக மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். பென்சில் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்த அடுத்த முறையே சுற்றிக்கொண்டது!

4. விடுங்கள். வீசாதீர்கள், விரலைத் திறந்தால் போதும்.

கொத்து 45 செ.மீ. விழ ஏறக்குறைய 0.3 நொடிதான். அதற்குள் இரண்டு காரியம் நடக்கிறது. ஒற்றை நட்டு ஊசல் மாதிரி கீழே வரும்போதே கொத்து நூலை இழுத்து அதன் வட்டத்தைச் சுருக்குகிறது, வட்டம் சுருங்கச் சுருங்க நட்டு வேகம் எடுத்து பென்சிலைத் தாண்டி மேலே ஏறிச் சுற்றிவிடுகிறது. அப்புறம் உராய்வின் வேலை. நூலுக்கும் பென்சிலுக்கும் உராய்வுக் கெழு (ஒன்றையொன்று எவ்வளவு பற்றும் என்பதைக் காட்டும் எண்) 0.3 என்று வைத்தால், ஒரு சுற்று இழுவிசையை ஆறரை மடங்கு தாங்கும், இரண்டு சுற்று 13 மடங்கு அல்ல, 43 மடங்கு, மூன்றானால் 280-க்கும் மேல். சுற்றுகள் கூட்டலாக அல்ல, பெருக்கலாக வேலை செய்கின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். முரண்டு பிடிக்கும் மாட்டின் கயிற்றைத் தென்னையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நுனியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதுவும் இதே கணக்குதான். 2019-இல் இளம் இயற்பியலாளர்களுக்கான பன்னாட்டுப் போட்டியில் இந்த ஊசலையே ஒரு கேள்வியாகக் கொடுத்தார்கள்.

சேர்த்தது: சுற்றியும் வழுக்கி விழுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பென்சிலில் ஸ்ட்ரா மாட்டியிருந்தாராம், நூலோடு ஸ்ட்ராவும் உருண்டால் உராய்வு எங்கிருந்து வரும்? பென்சில் விரலுக்குள் உருண்டாலும் இதே கதி, அழுத்திப் பிடியுங்கள்.

இன்னொருவருக்கு நட்டு சுற்றி வரும்போது கொத்தின் நூலிலேயே மோதிச் சிக்கியது. ஒற்றை நட்டைப் பென்சில் நுனிப் பக்கமாக இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்து விடுங்கள், விலகிப் போகும்.