லியோ வரத்கரை வகுப்பில் சொல்லித் தருவது எப்படி

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அயர்லாந்தின் முன்னாள் பிரதமர் வரத்கரைப் பற்றிய பாடத்தைப் பிரதமர் பதவியில் தொடங்காதீர்கள். 2003இல் ஃபிங்கல் கவுண்டி மன்றம் என்ற உள்ளாட்சி மன்றத்தில் காலியிடத்துக்கு நியமனம், 2004இல் அங்கேயே தேர்தல் வெற்றி, அங்கிருந்து ஆரம்பியுங்கள். 2007இல் நாடாளுமன்றம், அப்புறம் அமைச்சர், 2017இல் பிரதமர் என்று வேகமாகக் கடந்துவிடலாம்.

வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எண்ணிடும் அயர்லாந்து ஓட்டுமுறைக்குத்தான் நேரம் வேண்டும். நாசி கண்டார், ரொட்டி சானாய், மீ கோரெங், தோசை என்று உணவுகளை வேட்பாளர்களாகப் பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் சீட்டில் 1, 2, 3 என வரிசைப்படுத்தட்டும். கடைசியில் நிற்பதை நீக்கி, அதன் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுங்கள். (தோசை தோற்றால் சத்தம் கேட்கும், பரவாயில்லை.)

நம் மலேசியக் கவுன்சிலர்கள் ஏன் தேர்தல் இல்லாமல் நியமனம் என்று கட்டாயம் கேட்பார்கள். ஜார்ஜ் டவுனில் 1951இல் நடந்த நகராட்சித் தேர்தல், 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டது, இரண்டையும் தயாராக வைத்திருங்கள்.