சின்ன எண்ணெய் ஓவியமா? முதலில் வெள்ளையை மறையுங்கள்

ஆறு அங்குலப் பலகையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் எவர்சில்வர் டம்ளரையும் எண்ணெய் வண்ணத்தில் வரையப் போகிறீர்களா? ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசிய வெள்ளைப் பரப்பில் நேரடியாகத் தொடங்காதீர்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் உள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும். நாமும் பயந்துபோய் எல்லாவற்றையும் வெளுப்பாகக் கலந்துவிடுவோம்.

பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைக் கொஞ்சம் டர்பன்டைனில் கரைத்து, பழைய துணியால் பலகை முழுக்கத் தேய்த்து, அதிகப்படியைத் துடைத்துவிடுங்கள். காயும்வரை பொறுமை இல்லையா, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் பூசலாம், சீக்கிரம் காயும். ஆனால் எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது, உரிந்துவிடும்.

அப்புறம் டம்ளர். எவர்சில்வர் என்றதும் கை தானாகச் சாம்பல் நிறத்தைத் தேடும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: பழத்தின் மஞ்சள் டம்ளரின் வளைவில் நீண்ட கோடாக விழுந்திருக்கும், ஜன்னல் ஒரு வெள்ளைப் பட்டையாக நிற்கும். அந்த வெள்ளையைக் கடைசியில், தடிமனாக, ஒரே இழுப்பில் வையுங்கள். திரும்பத் தடவினால் அடியிலுள்ள நிறம் கலந்து சேறாகிவிடும்.

வயல்வெளி வரைந்தாலும் இதே அடிப்பூச்சுதான். தூரிகை படாமல் விட்ட இடங்களில் எட்டிப் பார்க்கும் செம்பழுப்பு, பச்சையை எடுத்துக் காட்டும். அதை மூடப் பார்க்காதீர்கள்.

ஒன்று முக்கியம்: எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.